16 செ.மீ. கைக்கு 42 போடலாமா? கேஸ் அளவு, லக் நீளம், ஸ்ட்ராப் எல்லாம் இங்கே பேசலாம்

நொடிமுள்

மணிக்கட்டுச் சுற்றளவு 160 மி.மீ. ரெண்டு வாட்ச்ல எதுன்னு முடிவு பண்ணணும். ஒண்ணு சீக்கோ எஸ்கேஎக்ஸ்007, விட்டம் 42.5. இன்னொண்ணு ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல், விட்டம் 38. எங்க தேடினாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்குது: 16 செ.மீ. கைன்னா 38-ஐத் தாண்டாதே. அப்போ காக்கிதான் சரியா? யாராவது காரணத்தோட சொல்லுங்க.

லக் கணக்கன்

அந்தப் பட்டியல்ல ரெண்டு தப்பு இருக்கு நண்பரே. வாட்ச் பக்கம் தப்பான எண்ணை எடுக்குது, கை பக்கமும் தப்பான எண்ணை எடுக்குது.

முதல்ல வாட்ச். ஸ்ட்ராப் மாட்ட வாட்ச் உடம்புல (கேஸ்) மேலும் கீழும் நீட்டிக்கிட்டிருக்கிற கொம்புதான் லக். கைமேல குறுக்கா உட்கார்றது விட்டம் இல்லை, லக் முனையிலிருந்து எதிர் லக் முனை வரைக்கும் உள்ள நீளம். எஸ்கேஎக்ஸ்ல அது 46 மி.மீ. நீங்க சின்னதுன்னு நினைக்கிற காக்கில 47-ஐ ஒட்டி வரும். அதாவது 38 மி.மீ. வாட்ச், 42.5 மி.மீ. வாட்சைவிடக் கையில நீளமாப் படுக்கும். எஸ்கேஎக்ஸோட லக் குட்டையா இருக்கும், கீழ்நோக்கி வளைஞ்சும் இருக்கும். அதான் சின்னக் கைக்காரங்களும் அதைத் தயங்காம கட்டுறாங்க.

அடுத்து கை. சுற்றளவு ஒரே அளவா இருக்கிற ரெண்டு கை ஒரே மாதிரி இருக்காது. மணிக்கட்டைக் குறுக்கா வெட்டினா முட்டை வடிவம். ஒருத்தருக்கு அகலம் 58, தடிமன் 43 இருந்தா சுற்றளவு 160-க்குக் கிட்ட வரும். இன்னொருத்தருக்கு அகலம் 56, தடிமன் 52 இருந்தா சுற்றளவு 170. பட்டியல்படி ரெண்டாவது ஆளுக்குத்தான் பெரிய வாட்ச். நிஜத்துல அவருக்கு மேல்பரப்பு 2 மி.மீ. குறைவு, உருண்டையாவும் இருக்கும், லக் சீக்கிரமே வெளியே நீட்டும்.

அதனால சுற்றளவு ஸ்ட்ராப் வாங்கறதுக்கு. வாட்ச் வாங்க, கையோட அகலத்தை அளந்து போடுங்க.

நொடிமுள்

அகலத்தை எப்படி அளக்கிறது? டேப் சுத்தினா சுற்றளவுதானே வரும்.

லக் கணக்கன்

டேப் வேண்டாம், சாதாரண ஸ்கேல் போதும். முன்கையை உள்ளங்கை கீழே இருக்கிற மாதிரி மேசைமேல வைங்க. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுல ஒரு எலும்பு முட்டு துருத்திக்கிட்டு இருக்கும். வாட்ச் பெரும்பாலும் அந்த முட்டுக்குப் பின்னால, முழங்கை பக்கமா உட்காரும். சிலர் முட்டுக்கு முன்னால கட்டுவாங்க, அங்க அகலமே வேற. நீங்க கட்டுற இடம் எதுவோ அங்கதான் அளக்கணும்.

ஸ்கேலைக் குறுக்கா வச்சு, கண்ணைக் கையோட மட்டத்துக்குக் கொண்டு வந்து பாருங்க. ரெண்டு எண் குறிக்கணும். ஒண்ணு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மொத்த அகலம். இன்னொண்ணு, தோல் ஸ்கேலை ஒட்டியே இருந்து கீழே சரிய ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள தட்டையான பகுதி. வெர்னியர் இருந்தா மொத்த அகலத்துக்கு அது சுலபம், ஆனா அழுத்தாதீங்க. சதை அமுங்கி 2, 3 மி.மீ. குறைச்சுக் காட்டிடும்.

லக் நீளம் தட்டையான பகுதிக்குள்ள அடங்கினா யோசிக்கவே வேண்டாம். அதைத் தாண்டி மொத்த அகலத்துக்குள்ள இருந்தா, லக் கீழே வளையுதா, நேரா நீட்டுதான்னு பார்த்து முடிவு பண்ணணும். மொத்த அகலத்தையே தாண்டினா வேண்டாம்.

பெரியமுள்

கணக்கெல்லாம் சரி. ஆனா ஆம்பிளைக்கு 40-க்குக் கீழ எடுபடாது சார். 36, 38 எல்லாம் தூரத்துல இருந்து பார்த்தா லேடீஸ் வாட்ச்.

பழைய டயல்

இந்த '40-க்குக் கீழ கூடாது' விதிக்கு அவ்வளவு வயசாகலை ஐயா. 1932-ல் படெக் ஃபிலிப் கலத்ரவா 96 வந்தபோது விட்டம் 31 மி.மீ., அதுவும் ஆண்களுக்கான வாட்ச். ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1945-ல் 36 மி.மீ. அளவில் வந்தது, அந்த அளவு இன்றும் விற்பனையில் உள்ளது. 40-க்கு மேல் போனதெல்லாம் அன்று பெரும்பாலும் கருவிகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படையின் 'பி-ஊர்' கைக்கடிகாரம் 55 மி.மீ. தடித்த ஜாக்கெட் கைக்கு மேலே கட்ட வேண்டும், இருட்டில் படிக்க வேண்டும் என்பதற்காக அந்த அளவு. வெறும் கைக்காகச் செய்ததல்ல.

2000-களில் 44, 46 எல்லாம் சகஜமாயின. இப்போது அலை திரும்புகிறது. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 39 ஆக இருந்தது, 2021-ல் மறுபடி 36 ஆயிற்று. அதே நிறுவனம் 2020-ல் சப்மரீனரை 40-லிருந்து 41 ஆக்கியது, ஆனால் லக்கை மெலிதாக்கிவிட்டது. எண் கூடியும் முந்தையதைவிடக் கைக்கு நளினமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர். விட்டம் மட்டும் கதை சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பெரியமுள்

சரி, 31-ம் வேண்டாம் 55-ம் வேண்டாம். ஆனா லக் கொஞ்சம் வெளியே நீட்டினா என்ன குடி முழுகிப் போச்சு? பனராய் 44 கட்டுறவங்க எல்லாரும் அளந்து பார்த்தா கட்டுறாங்க?

திருகாணி

அழகு உங்க இஷ்டம். ஆனா நீட்டிக்கிட்டிருக்கிற லக்கால வர்ற தொந்தரவு அழகு சம்பந்தப்பட்டதில்லை.

லக் கையோட ஓரத்தைத் தாண்டினா, ஸ்ட்ராப் அந்த முனையிலிருந்து நேரா கீழே தொங்கித்தான் கையைத் தொடணும். ரெண்டு பக்கமும் தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவுல முக்கோணமா இடைவெளி விழும். அப்போ வாட்ச் கையைத் தொடுறது ரெண்டே இடத்துல: மேலே பின்மூடி, கீழே பக்கிள். பக்கவாட்டுல பிடிமானமே இல்லை. நடக்கும்போது தலை இடம் வலமா ஆடும். ஆட்டத்தை நிறுத்த ஆள் என்ன பண்றார்? ஒரு துளை இறுக்கிக் கட்டுறார். பின்மூடி தோல்ல வட்டமா அச்சுக் குத்துது, கை மரத்துப் போற மாதிரி இருக்குது. இன்னும் ஒரு துளை தளர்த்தினா வாட்ச் கைவிரல் பக்கம் சரிஞ்சு, கிரௌன் (நேரம் திருத்தற திருகு) புறங்கையில குத்துது. 'கிரௌன் குத்துது' புகார்ல பாதி கிரௌனோட குற்றமே இல்லை, வாட்ச் இடம் மாறிக் கிடக்கிறதுதான்.

மீதிப் பாதி நிஜமாவே பெரிய கிரௌன். 3 மணில பெருசா, கூர்ப்பல்லோட இருந்தா மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் படும். எஸ்கேஎக்ஸ் மாதிரி 4 மணிப் பக்கம் கிரௌன் வச்சா இது பெருமளவு குறையும்.

ஸ்ட்ராப் பித்து

தடிமனைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே. எனக்கு லக் நீளத்துக்கு அடுத்தது இதுதான், விட்டம் மூணாவது.

விவரப்பட்டியல்ல '13 மி.மீ.'ன்னு ஒரே எண் போட்டுடுவாங்க. அதுக்குள்ள மூணு இருக்கு: மேலே கண்ணாடியோட குமிழ், நடுவுல கேஸோட பக்கச் சுவர், கீழே பின்மூடி துருத்தல். 13-ல கண்ணாடிக் குமிழே 2 இருந்தா கண்ணுக்குத் தெரியாது. பின்மூடி 3 மி.மீ. துருத்தினாலும் அகலமான தட்டைக் கைன்னா கொஞ்சம் அமுங்கிடும். எலும்பான உருண்டைக் கைல அதே வாட்ச் முக்காலி மேல ஏறி நிக்கிற மாதிரி நிக்கும், லக் முனை தோலைத் தொடவே தொடாது.

சோதனை ரொம்ப எளிது. வாட்சை மேசைமேல தட்டையா வச்சுப் பக்கத்துல இருந்து பாருங்க. லக் முனை பின்மூடியோட அடிமட்டத்துக்கு இறங்குதா, இல்ல அந்தரத்துல நிக்குதா? இறங்கினா 47-ம் 45 மாதிரி உட்காரும். அந்தரத்துல நின்னா 45-ம் 47 மாதிரி.

சின்ன விட்டம், பெரிய தடிமன் கூட்டணிதான் மோசம். 38-க்கு 14 தடிமன்னா கையில டப்பா ஒட்டின மாதிரி இருக்கும். அதே 14, 44 மி.மீ. கேஸ்ல பரவி அடங்கிடும். அப்புறம், நேட்டோ பட்டை (வாட்சுக்கு அடியில நுழைஞ்சு ஓடுற துணிப்பட்டை) போட்டா அடியில ரெண்டு அடுக்கு ஓடும். ஒரு அடுக்கு 1.2 மி.மீ.ன்னாலும் வாட்ச் 2.4 உயரும். ஏற்கெனவே தடிச்ச வாட்சுக்கு அதைப் போடாதீங்க.

நொடிமுள்

அளந்தாச்சு. மொத்த அகலம் 55, தட்டையான பகுதி 47. முட்டுக்குப் பின்னால.

அப்போ 46-ம் ஓகே, 47-ம் ஓகே. இப்ப எதை எடுக்கறது? இன்னொரு சந்தேகம்: 42.5 வாட்ச் 38-ஐவிடப் பெருசாத்தானே தெரியும், லக் என்னவா இருந்தாலும்?

லக் கணக்கன்

55-க்கு 47 நல்ல அகலமான தட்டை. சுற்றளவு 160 உள்ள எல்லாருக்கும் இது வாய்க்காது.

பெருசாத் தெரியறது டயல் திறப்பைப் பொறுத்தது. எஸ்கேஎக்ஸ் மாதிரி டைவ் வாட்ச்ல (முக்குளிக்கறவங்களுக்கானது) சுழலும் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றின வளையம், தடிச்சிருக்கு, அதுக்குள்ளதான் டயல். 42.5 கேஸ்ல டயல் சுருங்கிடுது. காக்கில பெசல் மெல்லிசு, விளிம்பு வரைக்கும் டயல்தான். பக்கத்துல பக்கத்துல வச்சா காக்கி டயல் சின்னதாத் தெரியாது. நிறமும் சேரும்: வெள்ளை டயல் விரிஞ்சு தெரியும், கறுப்பு சுருங்கித் தெரியும். 40 மி.மீ. வெள்ளை டயல், மெல்லிய பெசல் வச்ச டிரெஸ் வாட்ச், 42 கறுப்பு டைவரைவிடத் தாம்பாளம் மாதிரி தெரியறது இதனாலதான்.

நோமோஸ் டாங்கென்டே இதுக்கு நல்ல பாடம். மெல்லிய பெசல், வெளிர் டயல், நேரா நீட்டின ஒல்லியான லக். காகிதத்துல 38-ன்னு படிச்சுட்டு வாங்கினவங்க கையில பார்த்து மலைச்சுப் போவாங்க. அதே மாடல் 35-லயும் உண்டு.

சதுரம், செவ்வகம் வந்தா இந்த விட்டக் கணக்கே கிடையாது. கார்டியே டாங்க் மஸ்ட் லார்ஜ் 33.7-க்கு 25.5 தான், ஆனா கையில அது 'சின்ன வாட்ச்' இல்லை. நாலு மூலையும் இருக்கிறதால வட்டத்தைவிட அதிக இடம் அடைக்கும்.

மின்கலம்

ஒரு குறுக்குக் கேள்வி. டிஜிட்டலுக்கும் இதே விதியா? கேஸியோ ஜி-ஷாக் டிடபிள்யூ-5600 நீளம் 48.9-ன்னு போட்டிருக்கு. இங்க சொல்றபடி பார்த்தா அது பல பேருக்குச் சேரவே கூடாது.

திருகாணி

ஜி-ஷாக்ல உலோக லக் இல்லை, 48.9-ங்கிறது ரெசின் உறையோட சேர்த்து. எடை 50 கிராமைச் சுற்றித்தான், ரெசின் கையோட வளைஞ்சும் கொடுக்கும், அதனால 48.9 அவ்வளவு உறுத்தாது. ஆனா பட்டை கேஸை விட்டு வெளியே வர்ற இடம் கெட்டி. சின்னக் கையில அங்க இறக்கை மாதிரி விரிஞ்சு நிக்கும். கேஸியோவோட எஃப்-91டபிள்யூ 38.2-க்கு 35.2, தடிமன் 8.5, எடை 21 கிராம். அதுக்கு அளவுப் பிரச்சினைன்னே ஒண்ணு கிடையாது.

சதுர ஸ்மார்ட் வாட்ச்ல 42, 46-ன்னு போடுற எண் பெரும்பாலும் கேஸோட உயரம், விட்டம் இல்லை. ஆப்பிள் வாட்ச் அப்படித்தான். அங்க இன்னொரு நிபந்தனையும் உண்டு: அடியில இதயத்துடிப்பு சென்சார் தோலை ஒட்டியே இருக்கணும். உருண்டைக் கையில பெரிய தட்டை அடி இருந்தா ஓரத்துல வெளிச்சம் கசியும், அளவீடு தடுமாறும்.

பெரியமுள்

ஸ்டீல் செயின் வாட்சுக்கும் லக் முனைதான் கணக்கா? டிசாட் பிஆர்எக்ஸ் மாதிரி கேஸும் செயினும் ஒட்டி வர்றதுக்கு லக்கே இல்லையே.

ஸ்ட்ராப் பித்து

நல்ல கேள்வி, இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ஒட்டிய செயின்ல நீங்க பார்க்க வேண்டியது, எந்த இடத்திலிருந்து செயின் நேர் கீழே மடங்க ஆரம்பிக்குதுங்கிறது. முதல் கண்ணி விறைப்பா வெளியே நீட்டிக்கிட்டிருந்தா அதுவும் லக் மாதிரிதான். கேஸ் நீளத்தை அப்படியே நம்பாம, ரெண்டு பக்கமும் விறைப்பா நிக்கிற கண்ணியோட நீளத்தைக் கூட்டிக்கோங்க. 44-ன்னு போட்ட வாட்ச் கையில 50 ஆகிறது சாதாரணம்.

சாதாரண செயின்லயும் இது உண்டு. லக்குக்கு நடுவுல வர்ற முனைத்துண்டு சிலதுல உள்ளடங்கி இருக்கும், சிலதுல நடுக்கண்ணி வெளியே மூக்கு நீட்டும். மூக்கு நீட்டினா பக்கத்துக்கு 2, 3 மி.மீ. சேரும். அதே வாட்சைத் தோல் ஸ்ட்ராப்ல போட்டா அந்த நீளம் மறைஞ்சிடும். எல்லை அளவுல இருக்கிற வாட்சை இப்படிக் காப்பாத்தலாம்.

தோல் ஸ்ட்ராப்புக்கும் ஒரு கணக்கு சொல்லிடறேன், 160 கைக்குக் கண்டிப்பாத் தேவைப்படும். கடையில வர்ற சாதாரண அளவு 75/120, அதாவது பக்கிள் துண்டு 75, துளைத் துண்டு 120. வாட்ச்ல ஸ்பிரிங் பார் (ஸ்ட்ராப்பை லக்ல பிடிச்சிருக்கிற கம்பி) முதல் ஸ்பிரிங் பார் வரை 40-ன்னு வைங்க. 160-லிருந்து 40 போனா 120. ஸ்ட்ராப்போட தடிமனுக்காக ஒரு 6 சேருங்க, 126. பக்கிள் துண்டு 75 போனா, ஊசி விழ வேண்டிய துளை மறு துண்டுல 51-ல இருக்கணும். உங்க ஸ்ட்ராப்ல முதல் துளையே 55-ல ஆரம்பிச்சா, கடைசி வரைக்கும் இறுக்கினாலும் 4 மி.மீ. தொளதொளன்னு இருக்கும்.

அதைவிட முக்கியம் பக்கிள் இருக்கிற இடம். 126-ல பாதி 63. பக்கிள் துண்டு 63 இருந்தா அது கையோட அடி நடுவுல வரும். 75 இருந்தா 12 மி.மீ. தள்ளி ஓரத்துல ஏறிடும், வாட்ச் தலையும் வெளிப்பக்கம் சாயும். அளவு சரியா வாங்கின வாட்ச் 'எப்பவும் ஒரு பக்கமாச் சாயுது'ன்னா ஸ்ட்ராப்பைச் சந்தேகப்படுங்க. 65/105, 70/110-ன்னு குட்டை அளவு கிடைக்கும், கேட்டு வாங்கணும். புதுத் துளை போட்டா இறுக்கம் சரியாகும், சாய்வு சரியாகாது.

திருகாணி

செயின்லயும் அதே சாய்வு வரும். கண்ணி கழட்டறப்போ ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும்னு ஒரு நம்பிக்கை. அப்படி இல்லை, கிளாஸ்ப் (செயினோட பூட்டு) அடி நடுவுல வர்ற மாதிரி எடுக்கணும். பெரும்பாலும் 6 மணிப் பக்கம் ஒரு கண்ணி கூடுதலாக் கழட்ட வேண்டி வரும். உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், பின்னை அம்பு போற திசையில தள்ளி எடுக்கணும், மாட்டும்போது எதிர்த் திசையில. சில சீக்கோ செயின்ல பின்னோட ஒரு குட்டிக் குழலும் வரும். அது உருண்டு போனா பின் நிக்காது, நடு ரோட்டுல வாட்ச் கழண்டு விழும். வெள்ளைத் துணி விரிச்சு அதுமேல வச்சு வேலை பாருங்க.

இறுக்கம்: கிளாஸ்ப் பூட்டினபிறகு அடியில சுண்டுவிரல் நுனி நுழையணும். வெயில் நேரத்துல கை வீங்கும், காலைல சரியா இருந்தது சாயங்காலம் பிடிக்கும். அதனால கிளாஸ்ப்ல பக்கவாட்டுத் துளை வச்சு நகர்த்தற வசதி இருக்கான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரித் திறக்கிற பட்டாம்பூச்சி கிளாஸ்ப்ல அது பெரும்பாலும் இருக்காது. அரைக் கண்ணியும் கொடுக்கலைன்னா, ஒண்ணு இறுகும் இல்ல தொங்கும், நடுவே கிடையாது.

மின்கலம்

ஆன்லைன்ல வாங்கறப்போ பல இடத்துல லக் நீளமே போட மாட்டேங்கறாங்களே?

லக் கணக்கன்

படத்துலயே எடுக்கலாம். நேர் எதிர்ல எடுத்த படமா இருக்கணும், சாய்வாக் கூடாது. திரையில ஸ்கேல் வச்சு கிரௌன் சேர்க்காம கேஸ் அகலத்தையும், லக் முனையிலிருந்து லக் முனையையும் அளங்க. திரையில கேஸ் 84, லக் 92 வந்ததுன்னா, அறிவிச்ச விட்டம் 42-ஐ 92-ஆல் பெருக்கி 84-ஆல் வகுங்க: 46. அறிவிச்ச விட்டத்துலயே கிரௌனைச் சேர்த்துட்டாங்களோன்னு சந்தேகமா இருந்தா லக் இடைவெளியை அளவுகோலா வச்சுக்கலாம். 20 மி.மீ. ஸ்ட்ராப்னா அது 20-தான், அதுல ஏமாத்த முடியாது.

எண் கிடைச்சதும் தடிச்ச அட்டையில அந்த விட்டத்துக்கு வட்டம், மேலும் கீழும் லக் நீளத்துக்கு நாக்கு வச்சு வெட்டி, கையில செல்லோடேப் போட்டு ஒட்டிப் பாருங்க. தடிமன் தெரியாதுதான், ஆனா நீட்டல் தெரிஞ்சிடும்.

பழைய டயல்

அப்படி ஒட்டிப் பார்க்கும்போது போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படமெடுத்து முடிவு செய்யாதீர்கள். அகலக்கோண லென்ஸ் கிட்டத்தில் இருப்பதை ஊதிக் காட்டும், வாட்ச் பெரிதாகவும் முழங்கை சின்னதாகவும் விழும். இணையத்தில் வரும் கைப்படங்களும் அப்படி எடுத்தவைதான். ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். பிறர் கண்ணுக்குத் தெரியும் அளவு அதுதான்.

நொடிமுள்

ரெண்டுக்கும் அட்டை வெட்டிப் பார்த்தேன். 46 உள்ளே அடங்குது. 47 தட்டைப் பகுதியோட விளிம்புல சரியா நிக்குது. கண்ணாடில பார்த்தா ரெண்டுமே உறுத்தலை. எஸ்கேஎக்ஸ் தடிமன் 13.25, காக்கி 9.5. முழுக்கைச் சட்டை தினமும் போடணும், பட்டன் போட்டு.

ஸ்ட்ராப் பித்து

சட்டைக் கை பட்டன் போடணும்னா காக்கி. 13.25-ம் பெசலோட பல்லும் சேர்ந்து கஃப் விளிம்புல மாட்டும், கொஞ்ச நாள்ல துணி நூல் விட்டுடும். லக் இடைவெளி 20, ஸ்ட்ராப் 65/105 கேளுங்க, பக்கிள் பக்கம் 16-ஆக் குறுகறதா இருந்தா நல்லது. துணிப் பட்டையோட வந்தா அடியில ரெண்டாவது அடுக்கு ஓடுதான்னு பாருங்க. ஓடினா அதைக் கழட்டிட்டு ரெண்டு துண்டு ஸ்ட்ராப் மாட்டுங்க, அதுலயே 2 மி.மீ.க்கு மேல இறங்கிடும்.

பெரியமுள்

எஸ்கேஎக்ஸ் ஞாயித்துக்கிழமைக்கு.